தண்ணீர் முறை யாருக்கு?

முகாமில் முதல் சண்டை சாப்பாட்டுக்கு வராது, தண்ணீருக்குத்தான் வரும். தண்ணீர் இல்லாமல் இல்லை, பக்கத்திலேயே ஓடை சலசலத்துக்கொண்டிருக்கும். அதைத் தூக்கி வருவது யார், குடிக்கிற பதத்துக்குக் கொண்டுவருவது யார் என்பதில்தான் சண்டை. சாரண ஆசிரியராக இருந்து தலை நரைத்தவன் நான். காய் நறுக்கச் சொன்னால் நாலு பேர் வருவார்கள். கூடாரக் கயிறு கட்டச் சொன்னால் பத்துப் பேர் வருவார்கள். "தண்ணீர் முறை எந்த அணிக்கு?" என்று கேட்டால் மட்டும் எல்லோரும் மரத்தில் குருவி பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

கணக்குப் போட்டால் அவர்கள் மேல் கோபம் வராது. மலையில் நடக்கிற பையனுக்குக் குடிக்க மட்டும் நாளைக்கு மூன்று லிட்டர் வேண்டும். முப்பது பேர் என்றால் தொண்ணூறு லிட்டர். சமைக்கவும் வாய் கொப்பளிக்கவும் சேர்த்தால் நூறைத் தாண்டும். "சார், கொதிக்க வெச்சா போதாதா?" என்று யாராவது ஒருவன் கட்டாயம் கேட்பான். போதும் தம்பி, தாராளமாகப் போதும். ஆனால் நூறு லிட்டரைக் கொதிக்கவைக்க விறகு எங்கே? இப்போது பல காடுகளில் வனத்துறை அடுப்பு மூட்டவே விடுவதில்லை. கொதித்தது ஆறவும் அரை நாள் ஆகும்.

படைகளுக்கு இது பழைய தலைவலி. ராணுவ வரலாற்றில் தளபதிகளுக்குச் சிலை உண்டு, தண்ணீர்க்காரனுக்குக் கிடையாது. வட இந்தியப் படைப்பிரிவுகளில் பிஷ்டி என்பவன் ஆட்டுத் தோலை முழுசாக உரித்துத் தைத்த மஷக்கைத் தோளில் தொங்கவிட்டு, சண்டை நடக்கிற இடத்துக்கே போய் வாயில் ஊற்றுவான். தெற்கே சென்னை ராணுவத்தில் பக்காலி என்று ஒருவன் இருந்தான். எருதின் இரு பக்கமும் பெரிய தோல் பைகளைத் தொங்கவிட்டு, அதன் பின்னால் நடப்பான். கிப்ளிங் 1890இல் ஒரு பிஷ்டியைப் பற்றி எழுதிய கவிதையால் அந்த வேலை உலகத்துக்கே தெரியவந்தது. பக்காலிக்கு அந்த அதிர்ஷ்டமும் வாய்க்கவில்லை. இரண்டு பேருக்கும் தண்ணீரைக் கொண்டுசேர்ப்பதுதான் பொறுப்பு. அதில் என்ன இருந்தது என்று அவர்களைக் கேட்டவர் இல்லை. கேட்கவேண்டிய துரைகளுக்கே அது அப்போது தெரியாது.

தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்பதுதான் அன்று எல்லோரும் நம்பிய அளவுகோல். அந்த அளவுகோலுக்குள் நின்றபடியே நம்மவர்கள் கெட்டிக்காரத்தனமாக இரண்டு காரியம் செய்திருக்கிறார்கள். ஒன்று, தேத்தாங்கொட்டை. மண்பானையின் உள்பக்கத்தில் அதை உரசிவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றினால், சேறு திரண்டு அடியில் படியும். சுசுருத சம்ஹிதையிலேயே இந்த விதை வருகிறது. மற்றொன்று ஊற்று. நான் வைகைக்காரன். கோடையில் ஆறு மணலாய்க் கிடக்கும்போது கையால் குழி பறித்து, கலங்கலை இரண்டு தடவை இறைத்து வெளியே விட்டுவிட்டுக் காத்திருந்தால், மூன்றாவதாகச் சுரப்பது கண்ணாடி போல இருக்கும். கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்ப நேரம் பிடிக்கும். குழியைச் சுற்றிக் குந்தியிருக்கும் பெண்கள் ஊர்க்கதை முழுவதையும் பேசி முடித்துவிடுவார்கள். வடிகட்டுகிற வேலையைப் புவியீர்ப்பும் மணலும் பார்த்துக்கொள்ளும்.

எங்கள் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலும் 1908இல் வெளியிட்ட சாரணர் நூலில் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறார். ஓடையில் நேராக மொள்ளாதே, கரையிலிருந்து சற்றுத் தள்ளிக் குழி தோண்டு, மண் வழியாகக் கசிந்து வருவதைக் குடி என்கிறார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை அந்த நூல் வருவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தவை விளக்கும்.

அதற்குள் நகரங்கள் முந்திக்கொண்டிருந்தன. லண்டனில் ஜேம்ஸ் சிம்ப்சன் 1829இல் செல்சீ நீர் நிறுவனத்துக்காக மணல் படுகை அமைத்தார். டிஜோன் நகரத்துப் பொறியாளர் ஹென்றி டார்சி மணல் நிரப்பிய குழாய்களில் தண்ணீர் விட்டு அளந்து, நீர் எவ்வளவு உயரத்திலிருந்து அழுத்துகிறதோ அந்த அளவுக்கு வேகமாக இறங்கும், மணல் அடுக்கு தடிக்கத் தடிக்க வேகம் குறையும் என்று 1856இல் எழுதிவைத்தார். 1892இல் ஹாம்பர்க் நகரம் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் குடித்து, காலராவுக்கு 8,000 பேருக்கு மேல் பறிகொடுத்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆல்டோனா அதே ஆற்று நீரை மணலில் வடிகட்டிக் குடித்தது, பெரும்பாலும் தப்பியது. நம் சென்னைக்கு 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிப்பான்கள் வந்தன. செங்குன்றம் ஏரி நீர் அதற்குமுன் பல ஆண்டுகள் வடிகட்டாமலேதான் நகருக்குள் போய்க்கொண்டிருந்தது.

நகரத்துக்கு ஏக்கர் கணக்கில் மணல் பரப்ப இடம் உண்டு. நடக்கிற படைக்கு அது முடியாது. அங்கேதான் மெழுகுவத்தி வடிவத்து வடிகட்டி வருகிறது. விஞ்ஞானி பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் இருந்த சார்ல்ஸ் சாம்பர்லாண்ட் 1884இல் பீங்கான் குழாயில் அதைச் செய்தார். பாக்டீரியாவே புகமுடியாத அளவுக்கு அதன் துளைகள் நுண்மையானவை. ஜெர்மனியில் வில்ஹெல்ம் பெர்க்கெஃபெல்டின் நிலத்தில் ஒரு வகை வெள்ளை மண் கிடைத்தது. பண்டைக் காலத்து நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து குவிந்த மண். அதைச் சுட்டு 1891 வாக்கில் அவர் செய்த உருளைகளில் தண்ணீர் பீங்கானைவிட வேகமாக இறங்கியது. ராணுவங்கள் விரும்பி வாங்கின.

ஆனால் துளை சிறுக்கச் சிறுக்கத் தண்ணீர் தானாக இறங்க மறுக்கும். டார்சி சொன்ன கணக்குதான். மேலே தொட்டி வைத்துச் சொட்டவிட்டால் ஒரு உருளை மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் தரும். அதை வைத்துக்கொண்டு ஒரு பட்டாளத்தின் தாகத்தை என்ன செய்வது? ஆகவே கைப்பம்பு சேர்த்தார்கள். முன்னே தண்ணீர் சுமந்தவனுக்கு முதுகு வலித்தது, இப்போது பம்பு அடித்தவனுக்குத் தோள் வலித்தது.

தென்னாப்பிரிக்கப் போரில் இந்த ஏற்பாடு சோதனைக்கு வந்தது. 1900 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை புளூம்ஃபோன்டெய்ன் நகரை நோக்கி நடந்துகொண்டிருந்தது. வாட்டர்வால் துறையில் அதன் உணவு வண்டித் தொடரை எதிரிகளான போயர்கள் பறித்துக்கொண்டார்கள். அரை வயிற்றோடு போன படை பார்டெபெர்க் என்ற இடத்தில், மோடர் ஆற்றங்கரையில், தளபதி குரோன்யேயின் போயர் படையைச் சுற்றி வளைத்தது. முற்றுகை பிப்ரவரி 27 வரை நீடித்தது. மேலே போயர் முகாமிலிருந்து செத்த குதிரைகளும் மாடுகளும் ஆற்றில் மிதந்து வந்தன. கீழே அதே ஆற்று நீரைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் குடித்தார்கள். பெர்க்கெஃபெல்ட் வடிகட்டிகள் இல்லாமல் இல்லை. சேற்று நீரில் அவை சீக்கிரமே அடைத்துக்கொண்டன. அடைத்தால் உருளையைக் கழற்றித் தேய்க்க வேண்டும். தேய்த்தால் கீறல் விழும். கீறல் விழுந்த வடிகட்டி கிருமிக்கு வாசல் திறந்துவிட்டதற்குச் சமம். வரிசையில் நிற்கிறவனுக்கோ நாக்கு வறண்டிருக்கிறது, இருபது அடியில் ஆறு ஓடுகிறது. அவன் காத்திருப்பானா?

மார்ச் 13ஆம் தேதி புளூம்ஃபோன்டெய்ன் பிடிபட்டது. கூடவே டைஃபாய்டும் ஊருக்குள் வந்தது. மார்ச் 31ஆம் தேதி போயர் தளபதி டி வெட், சன்னாஸ் போஸ்ட் என்ற இடத்திலிருந்த நகர நீர்நிலையத்தையே பிடித்துக்கொள்ள, ஊர் பழைய கிணறுகளுக்குத் திரும்பியது. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் அப்போது அங்கே ஒரு மருத்துவமனையில் தன்னார்வ மருத்துவராகச் சேர்ந்து, அந்தக் கொள்ளைநோயின் நடுவில் நின்றார். அந்தப் போர் முடிவதற்குள் பிரிட்டிஷ் தரப்பில் டைஃபாய்டு கண்டவர்கள் 57,000 பேருக்கு மேல், அதில் இறந்தவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். குண்டடிபட்டுச் செத்தவர்களைவிட நோயில் செத்தவர்கள் அதிகம். பேடன் பவல் இதே போரில் மாஃபெகிங் நகரை முற்றுகைக்குள் காத்துக்கொண்டிருந்தவர். ஓடையில் மொள்ளாதே என்று பையன்களுக்கு அவர் எழுதியதை நான் இந்தப் பின்னணியோடுதான் படிக்கிறேன்.

வடிகட்டிமேல் படைகளுக்கு இருந்த நம்பிக்கை இதனால் ஆட்டம் கண்டது. முதல் உலகப்போரில் தண்ணீர் வண்டிகள் நூறு காலனுக்கு மேல் சுமந்தன. படிகாரம் போட்டுத் துணி வழியாகத் தெளியவைத்தார்கள். கிருமியைக் கொல்கிற வேலை சலவைத்தூளிடம் போனது. அந்த நாற்றம் தேநீரிலும் போகவில்லை என்று சிப்பாய்கள் சபித்தார்கள். சபிப்பதற்கு உயிரோடு இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்துப் பொருள்களில் எனக்கு மிகவும் பிடித்தது லிஸ்டர் பை. அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் லிஸ்டர் 1915இல் கொண்டுவந்தது. தடித்த கேன்வாஸ் பை, 36 காலன் கொள்ளும், நம் கணக்கில் 136 லிட்டர். மூன்று கழிகளை முக்காலியாகக் கட்டி நடுவே தொங்கவிடுவார்கள். சலவைத்தூளை இட்டுக் கலக்கி அரை மணி விட்டுவிடுவார்கள். பையின் அடியில் சுற்றிலும் சின்னச் சின்னக் குழாய்கள் இருக்கும். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் குப்பி பிடிக்கலாம், ஒருவர் கையும் உள்ளே படாது. கேன்வாஸில் கசிவதால் தண்ணீர் குளிர்ந்தும் இருக்கும். அது வடிகட்டி கிடையாதுதான், மேலிருந்து கீழே விடுகிற பை, அவ்வளவே. ஆனாலும் ஒரு கூட்டம் தண்ணீர் குடிப்பதற்கான ஏற்பாட்டை முழுசாக யோசித்தவர் லிஸ்டர்தான் என்பது என் கட்சி. பம்பு வேண்டாம், தண்ணீரை ஊற்றிக்கொடுக்க ஒரு ஆளும் வேண்டாம். காலையில் ஒருமுறை நிரப்பிவிட்டு ஆளாளுக்கு வேறு வேலை பார்க்கலாம். கயிறு, கழி, முடிச்சு எல்லாம் இருப்பதால் சாரணனுக்கு இதைப் பார்த்தவுடன் கை பரபரக்கும். அமெரிக்கப் படை இதைப் பல பத்தாண்டுகள் கைவிடவில்லை.

நம் வீடுகளில் பெர்க்கெஃபெல்டின் வாரிசு சமையல்கட்டு மேடையில் வந்து உட்கார்ந்தது. எவர்சில்வரில் இரண்டு அடுக்கு, மேல் அடுக்கில் வெள்ளை கேண்டில்கள், கீழே குழாய். ராத்திரி ஊற்றினால் காலைக்குள் இறங்கிவிடும். வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் கேண்டிலைத் தேய்ப்பது அந்த வீட்டின் கடைக்குட்டிக்கு விதித்த வேலை. ஆறு பேர் குடும்பத்துக்குச் சரி. முப்பது பேர் முகாமுக்கு இதைத் தூக்கிக்கொண்டு மலையேற முடியுமா?

மலையேறிகள் கதை தனி. அமெரிக்காவில் 1960கள் வரை மலை ஓடையில் குவளையை முக்கி அப்படியே குடிப்பதுதான் வழக்கம். பலர் அதைக் காட்டு வாழ்க்கையின் பெருமையாகவே நினைத்தார்கள். 1965-66 பனிக்காலத்தில் கொலராடோவின் ஆஸ்பன் ஊருக்குப் பனிச்சறுக்கு விளையாட வந்தவர்கள் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியால் வயிற்றுப்போக்கில் படுத்தார்கள். 1970களில் நியூயார்க் மாநிலத்து ரோம் நகரிலும் வாஷிங்டன் மாநிலத்து காமாஸிலும் அதுவே நடந்தது. ஓடையில் அணை கட்டி வாழும் பீவர் என்ற விலங்கும் அதைப் பரப்பும் என்று தெரிந்ததும், மனிதன் மிதிக்காத ஓடை சுத்தமானது என்ற நம்பிக்கை போயிற்று.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் படைகளுக்காக உருவான அயோடின் மாத்திரை கைவசம் இருந்தது. ஆனால் 1993இல் மில்வாக்கி நகரத்தில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற மற்றொரு ஒட்டுண்ணி குழாய் நீரில் புகுந்து நாலு லட்சம் பேரைச் சாய்த்தது. அயோடினுக்கும் குளோரினுக்கும் அது அசைந்துகொடுக்காது. ஆகவே மறுபடியும் வடிகட்டி, மறுபடியும் கைப்பம்பு. இரண்டு பேர் போகிற நடைக்குப் பம்பு பழுதில்லை, ஆளுக்கு மூன்று லிட்டர் அடித்துக்கொண்டு நடையைக் கட்டலாம். கூட்டமாகப் போனால் பார்டெபெர்க் கதைதான், செத்த குதிரை மட்டும் இல்லை. ஓடைக் கரையில் குந்தி லிட்டர் லிட்டராக அடிக்கிறவன் ஒருவன், வரிசையாகக் குப்பியை நீட்டுகிறவர்கள் இருபது பேர். எந்த முகாமிலும் அந்த ஒருவன் பெரும்பாலும் ஒரே ஆளாகவே இருப்பான், வாய் பேசாத பையனாகவும் இருப்பான். பம்பு யுகத்தை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு அதுதான் காரணம்.

இந்த முடிச்சு அவிழ்ந்த இடம் மருத்துவமனை. 1960களில் டௌ கெமிக்கல் நிறுவனத்தில், சிறுநீரக நோயாளிகளின் ரத்தத்தைச் சுத்தம் செய்வதற்காக நூல் போன்ற உள்ளீடற்ற இழைகளை உருவாக்கினார்கள். ஒரு டயாலிசிஸ் குழாய்க்குள் இப்படி ஏறத்தாழ பத்தாயிரம் இழைகள் இருக்கும். ஒவ்வொன்றின் சுவரும் சல்லடை. கையில் அடங்குகிற உருளைக்குள் ஒரு சதுர மீட்டருக்கு மேல் வடிகட்டும் பரப்பு சுருண்டு கிடக்கிறது. துளையைப் பெரிதாக்காமல் பரப்பைப் பெருக்கிவிட்டதால் டார்சியின் கணக்கு நம் பக்கம் சாய்ந்தது. அதே உத்தி தண்ணீருக்கு வந்தபோது பம்பே தேவைப்படவில்லை. ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு பையைத் தொங்கவிட்டால் கிடைக்கிற அழுத்தம் நல்ல குழாயின் அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்த அழுத்தத்திலேயே புதிய உருளை நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் தருகிறது. பிளாட்டிபஸ், எம்.எஸ்.ஆர், சாயர் என்று பல பெயர்களில் இப்படிப் பைகள் கிடைக்கின்றன. மரக்கிளையில் மேல் பை, நடுவே குழாயில் உருளை, கீழே சுத்தப் பை. லிஸ்டரின் பைக்கு வயிற்றில் வடிகட்டி வைத்தது மாதிரிதான் இது.

எங்கள் பத்து லிட்டர் பை நிரம்பி வடிய ஏழெட்டு நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் அந்த அணி கூடாரமே அடித்துவிடுகிறது. தண்ணீர் முறைக்கு இப்போது போட்டி வருகிறது என்று சொன்னால் பழைய மாணவர்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

ஆனால் சேறு இன்னும் அதே சேறுதான். மழைக்காலத்துக் கலங்கல் ஓடையை நேராக ஊற்றினால் இந்த உருளையும் அடைத்துக்கொள்ளும். அதனால் முதல் நாள் சாயங்காலமே அண்டாவில் பிடித்து, தேத்தாங்கொட்டை உரசி, இரவு முழுக்கப் படியவைத்து, மேல் தண்ணீரை மட்டும் வேட்டித் துணியில் வடித்துப் பைக்கு மாற்றுவோம். ஓட்டம் மந்தமானால் சுத்தப் பையை மேலே தூக்கி அழுக்குப் பையைக் கீழே இறக்கினால் போதும், தண்ணீர் தலைகீழாக ஓடி இழையில் ஒட்டியதைக் கழற்றிவிடும். கேண்டிலைப் போலத் தேய்க்கிற வேலை கிடையாது. உறைபனிதான் இதற்கு எமன். இழைக்குள் நின்ற நீர் உறைந்து விரிந்தால் சுவர் கிழியும், கிழிந்தது கண்ணுக்குத் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும். ஜனவரியில் கொடைக்கானல் மேல்மலையிலும் இமயமலை முகாம்களிலும் இரவில் உருளையைப் பைக்குள் சுற்றி, யாராவது ஒருவன் தன் படுக்கைக்குள் வைத்துக்கொண்டு தூங்க வேண்டும்.

வைரஸும் பாக்கி. மஞ்சள் காமாலைக்குக் காரணமான ஹெபடைடிஸ் ஏ வைரஸ் இந்தத் துளையில் ஆறேழில் ஒரு பங்குதான் இருக்கும், தாராளமாக உள்ளே நுழைந்துவிடும். மேலே ஊரோ எஸ்டேட் குடியிருப்போ இருக்கிற ஓடை என்றால், வடித்த தண்ணீரில் குளோரின் மாத்திரை போட்டு, லிஸ்டர் சொன்ன அதே அரை மணி நேரம் விட்டுவிடுகிறோம். வாசனை பிடிக்கவில்லை என்று பையன்கள் முகம் சுளித்தால் எலுமிச்சம்பழம் பிழியலாம், நாற்றம் ஓடிவிடும். அரை மணி கழிந்த பிறகுதான் பிழிய வேண்டும். முன்னாலேயே பிழிந்தால் அந்தப் புளிப்பிலுள்ள வைட்டமின் சி குளோரினைத் தின்றுவிடும், வைரஸ் அப்படியே இருக்கும்.